பாதி ஊசி

டாக்டர் மருதாசலத்தின் இடது முழங்கையை உடைத்தது என் தம்பி தொபியாஸ். தகடு பெயர்க்கிற கடப்பாரையின் பின்பக்கத்தால் ஒரே அடி. இருபது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குப் புதிதில்லை.

"பதினோரு பேரு," என்றான் தொபியாஸ். "இன்னைக்கு இன்னாசியையும் சேத்துப் பதினோரு பேரைப் பொதச்சிருக்கோம். வாயத் தெறந்து பேசும்வே."

டாக்டரால் உடனே பேச முடியவில்லை. வாசலிலேயே யாரோ முகத்தில் மிதித்திருந்தார்கள். முன்பல் இரண்டு போய், ரத்தம் தாடையில் இறங்கி வெள்ளைக் கோட்டில் சொட்டியது. கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தது கூட்டம். கப்பல் உடைக்கும் யார்டின் ஆஸ்பத்திரி அறைக்குள் முப்பது பேர் இருந்தார்கள். வெளியே உச்சி வெயிலில் ஊரே நின்றது. காவலாளிகள் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள்.

என் பெயர் கில்டா. எனக்கு வாய் நீளம் என்று சிப்பிமுனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அறையில் டாக்டரைக் காப்பாற்றக் கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள், அது நான். அவர் எந்தக் குற்றத்துக்காக அடி வாங்கினாரோ அதைச் செய்தவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் கதைக்காக ஒளித்து வைத்தேன் என்பீர்கள்.

கடல் சூடேறி மீன் எங்களை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வலை வைத்திருந்தவன் எல்லாம் இரும்பு வெட்டும் கட்டரைப் பிடித்தான். உலகத்தில் யாருமே தொடமாட்டேன் என்று ஒதுக்கிய ரசாயனக் கப்பல்கள் எங்கள் கரைக்கு வந்து தரைதட்டி நிற்கும். அவற்றை வெட்டி இரும்பாக்குவது வேலை. கப்பல் வயிற்றுக்குள் வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். பழைய சரக்கின் மிச்சம் ஆவியாகி அவற்றின் அடியில் நிற்கும். பூண்டு வாசம் அடிப்பதால் ஆட்கள் அதைப் பூண்டுக்காற்று என்பார்கள். எந்த முகமூடி போட்டாலும் எந்த ரப்பர் உடுப்பு போட்டாலும் தோல் வழியாக உள்ளே போய்விடும். அதற்காகத்தான் மாதம் ஒரு ஊசி.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே அந்த ஊசி என்ன செய்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். ஊசி போடுகிற நர்ஸ் விவரம் கேட்கிறாளே என்று அவருக்குச் சந்தோஷம்.

"பூண்டுக்காத்து ஆளைக் கொல்றதில்லீங்க சிஸ்டர். நம்ம உடம்பேதான் நம்மளைக் கொல்லுது," என்றார்.

"விளங்குத மாதிரிச் சொல்லுங்க டாக்டர். நான் நர்ஸிங் மட்டுந்தான் படிச்சிருக்கேன்."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டார். "செல்லு ரெண்டாப் பிரியறப்போ டிஎன்ஏவைக் காப்பி எடுக்குதுங்க. இது பழைய இழை. இது அதைப் பார்த்து எழுதின புது இழை. எழுதறப்போ அங்கங்க தப்பு வரும். அதைத் திருத்தறதுக்குன்னே ஒரு புரதக் குடும்பம் இருக்குது. அதுல ரெண்டு பேரு கை கோத்துட்டு இழை மேலயே நடந்து பார்ப்பாங்க. ஜோடி சேராத எழுத்து வந்தா காலை இடறும். உடனே குடும்பத்துல இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடுவாங்க. அவங்க வந்து புது இழையை வெட்டிப் போட்டுட்டுத் திரும்ப எழுத வைப்பாங்க."

"எப்பவும் புதுசைத்தான் வெட்டுவாவளா?"

"எப்பவும் புதுசைத்தான். பழசு சரியாத்தான் இருக்கும்னு ஒரு நம்பிக்கை. ஆனா பூண்டுக்காத்து போய் ஒட்டறது பழைய இழையிலங்க. கோளாறு அங்க இருக்குது, வெட்டு இங்க விழுகுது. திரும்ப எழுதினாலும் கோணலாத்தான் வரும். திரும்ப வெட்டுவாங்க, திரும்ப எழுதுவாங்க. வெட்டி வெட்டிக் கடைசியில இழையே அறுந்து போயிரும். செல்லு தன்னைத்தானே முடிச்சுக்கும். குடல்லயும் எலும்பு மஜ்ஜையிலயும் செல்லு வேகமாப் பிரியறதனால சாவு அங்கதான் ஆரம்பிக்கும்."

"அப்ப ஊசி?"

"அந்தக் குடும்பத்தை முப்பது நாளைக்கு ஒரு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிருது. கோளாறு அப்படியே கிடக்கும். வெட்டறதுக்கு ஆளில்ல, மனுசன் தப்பிச்சுக்குவான்."

"கோளாறு கெடந்தா ஒண்ணும் செய்யாதா?"

டாக்டர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "சேருங்க. பத்து வருஷம் கழிச்சு எங்கயாவது கட்டியா வரும். கம்பெனி ஒப்பந்தம் எட்டு வருஷத்துக்குத்தான்."

காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பவில்லை. நானும் அந்தச் சம்பளத்தில்தான் சோறு தின்றேன்.

கம்பெனி வேலை அட்டை கொடுத்தது நாற்பது பேருக்கு. மாதா மாதம் நாற்பது குப்பி மருந்து வரும். ஊரில் வேலைக்கு ஏங்கி நின்றவர்களோ எண்பது பேருக்கு மேல். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலில் விழுந்து கடலுக்கு வராமல் கிடப்பவன் வீட்டுக்கும், பிடித்த மீனில் பாதிப் பங்கு போய்விடும். யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். கொடுத்தவன் சொல்லிக் காட்டவும் மாட்டான். மீன் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. அட்டை கிடைத்த நாற்பது பேரும் ஆளுக்கு ஒருவனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் இவன் போவான், மறுநாள் அவன் போவான். ஹெல்மெட்டும் முகமூடியும் மாட்டிவிட்டால் கேட்டில் நிற்பவனுக்கு எல்லோரும் ஒரே ஆள்தான். என் தம்பிக்கு அட்டை கிடைக்கவில்லை. இன்னாசிக்குக் கிடைத்தது. அவனாகவே வந்து தொபியாஸைச் சேர்த்துக்கொண்டான்.

மருந்துதான் இடித்தது. குப்பி ஒன்று, ஆள் இரண்டு.

"ஏக்கா, ஊசியையும் பாதி பாதியாப் போட்டா என்ன?" என்று தொபியாஸ் கேட்டான். "டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லு. நாங்க கேட்டோம்னு மட்டும் சொல்லிராத."

கேட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டேன். டாக்டர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"பாதி போடறதுக்குப் போடாமயே இருக்கலாங்க. குடும்பத்துல பாதிப் பேரு ரூமுக்குள்ள இருப்பாங்க, பாதிப் பேரு வெளிய சுத்துவாங்க. வெளிய இருக்கறவங்க வெட்டத்தான் செய்வாங்க. என்ன, கொஞ்சம் மெதுவா. ஆளு மெதுவாச் சாவான். போடாதவனாவது பயந்துட்டுத் தொட்டிக்குள்ள இறங்கமாட்டான் சிஸ்டர். பாதி போட்டவன் தைரியமா இறங்குவான்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நான் வீட்டுக்குப் போனேன். தொபியாஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். "பாதி போதுமாம். டாக்டரே சொல்லிட்டாரு," என்றேன்.

நாற்பது பேருக்கு மேல் ஆள் சேரக்கூடாது என்பதற்காகக் கம்பெனி டாக்டர் பயம் காட்டுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதுகூட நான் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டதுதான். தம்பி வீட்டில் இரண்டு பிள்ளைகள். அன்றைக்கு அங்கே உலை வைக்கவில்லை. அதனால் சொன்னேன். அந்த மாதத்திலிருந்து டாக்டர் இல்லாத நேரத்தில் ஒரு குப்பியை இரண்டு பேருக்கு நானே பிரித்துப் போட்டேன்.

மூன்று கப்பல் முடிந்தது. ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கே என் பொய் உண்மையாகிவிட்டதுபோல் தெம்பாக இருந்தது. அந்த மூன்று கப்பலையும் வேறு துறைமுகத்தில் நன்றாகக் கழுவி அனுப்பியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான்காவது கப்பலைக் கழுவவில்லை. அதன் மூன்றாம் தொட்டியில் ஒரே நாளில் பதினோரு பேர் இறங்கினார்கள். அன்றைக்கு இன்னாசியின் முறை. மறுநாள் தொபியாஸ் இறங்கியிருக்க வேண்டும், தூக்கி இடம் மாற்றும் கிரேன் பழுதானதால் வேலை நின்றது.

ஐந்தாம் நாள் வாயில் ஆரம்பித்தது. இன்னாசி நாக்கை நீட்டினால் அதில் தோல் இல்லை, பச்சை மாமிசம். தண்ணீர் பட்டால் அலறினான். ஆறாம் நாளிலிருந்து ரத்தமாகப் போனான். வாளியில் குடலின் உள்தோல் துண்டு துண்டாக மிதந்தது. அவன் மனைவி பிலோமி அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து மறுபடி வாளியை வைப்பாள். கண்ணோரத்திலும் காதிலும் ரத்தம் கசிந்தது. எட்டாம் நாள் என் கையைப் பிடித்து, "ஏதாவது போட்டு என்னையக் கொன்னுரு தாயி," என்றான். என்னால் முடியவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் போனான். மற்ற பத்துப் பேரும் அதே மாதிரிதான் போனார்கள். டாக்டர் ஒவ்வொரு வீடாக ஓடினார். ரத்தம் ஏற்றினார், எதுவும் நிற்கவில்லை. அட்டை இல்லாதவன் வீட்டிலும் கூட்டாளியின் அட்டையைத்தான் அவரிடம் காட்டினார்கள். முழு ஊசி போட்டவர்கள் ஏன் சாகிறார்கள் என்று அவருக்குப் புரியவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கூட அவர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கடப்பாரையோடு தம்பி நின்ற இடத்துக்கு வருகிறேன்.

டாக்டர் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார். "என்ன பேசறதுங்க? நாப்பது பேருக்கு நாப்பது குப்பி முழுசா வந்துச்சு. எப்படிச் செத்தாங்கன்னு எனக்கே தெரியலைங்க."

"பாதி போதும்னு நீருதானவே சொன்னீரு," என்றான் தொபியாஸ்.

வலி கூட ஒரு நிமிடம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். "பாதியா? ஒரு குப்பியை ரெண்டு பேருக்குப் போட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "பாதி போட்டா செத்துத்தாங்க போவாங்க."

"கேட்டியளா," என்றாள் பிலோமி. புருஷனைப் புதைத்த கையோடு வந்தவள். அவள் குரலில் அழுகை இல்லை. "செத்துப் போவாவன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் போடச் சொல்லியிருக்கான்."

யாரோ டாக்டரை வயிற்றில் உதைத்தார்கள். மேஜைக் காலில் போய் விழுந்தார். இன்னொருவன் ஏற்கெனவே உடைந்திருந்த கையிலேயே காலை வைத்து ஏறி நின்றான். டாக்டர் அலறிய அலறலில் வெளியே நின்ற பெண்கள் வாசலிலிருந்து விலகினார்கள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க," என்றார். தரையில் கிடந்தபடியே தலையைத் திருப்பி என்னைத் தேடினார். "நான் எப்பச் சொன்னேன் சிஸ்டர்? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொபியாஸும் பார்த்தான். அவன் பார்வையில் சந்தேகமே இல்லை. நான் எதைச் சொன்னாலும் அது சரி என்று காத்திருக்கிறவன் பார்வை. அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். "இல்லை, அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்" என்று சொல்ல மூச்சை இழுத்தேன். கடப்பாரைக்குப் பயந்தேன், மறுக்கமாட்டேன். அதைவிட, அதைக் கேட்ட பிறகு அவன் என்னைப் பார்க்கப்போகிற பார்வைக்குப் பயந்தேன்.

"சொன்னிய டாக்டர்," என்றேன். "வராந்தாவுல வச்சுச் சொன்னிய."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழுந்துகொண்டே இருந்தது, அப்போதும் என்னைத்தான் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம்போல் இருந்தது.

"அடிச்சுக் கொன்னுராதிய," என்று பிலோமி குறுக்கே வந்தாள். "எம் புருசன் ஒன்பது நாளு கெடந்தான். இவனும் கெடக்கட்டும். அதே பாதி ஊசியப் போட்டு, அதே மூணாம் தொட்டியில எறக்குங்க."

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டு பேர் டாக்டரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தொபியாஸ் என்னிடம், "ஊசியப் போடு அக்கா. பாதி," என்றான்.

மருந்து பொடியாக வரும். இரண்டு மில்லி தண்ணீரில் கரைத்தால் அது ஒரு ஆளுக்கு முழு அளவு. அதில் ஒரு மில்லி எடுத்தால் பாதி. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, குப்பிக்குள் ஒரு மில்லி தண்ணீரை மட்டும் விட்டேன். கரைத்தேன். அந்த ஒரு மில்லியையும் சிரிஞ்சில் இழுத்தேன். தொபியாஸ் வந்து கோட்டைப் பார்த்தான். ஒன்றில் நின்றது. சரி என்று தலையாட்டினான். பாதி என்று அவர்கள் பார்த்த அந்த ஊசியில் முழு மருந்தும் இருந்தது.

பொய்யையும் காப்பாற்றியாகிவிட்டது, ஆளையும் காப்பாற்றியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி ஒரு கெட்டிக்காரி நான்.

ஊசி ஏறும்போது டாக்டர் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பி தோளோடு தோள் ஒட்டி நின்றதால் அதற்கும் துணியவில்லை. மணலில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. கப்பல் தளத்தில் ஏற்றி, இடுப்பில் கயிறு கட்டி, மூன்றாம் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறங்கும்போது உடைந்த கை தொட்டிச் சுவரில் இடித்து இடித்துப் போனது. ஒரு மணி நேரம். முதலில் கத்தினார். பிறகு தன் பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு உள்ளே இருந்து இருமல் மட்டும் கேட்டது. தான் சாகப்போவதில்லை என்று அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நான் தளத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் போலீஸ் வண்டி வந்தது. டாக்டரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அடையாளம் தெரியாத நாற்பது பேர் மீது வழக்குப் போட்டார்கள். இறந்தவர்களில் ஐந்து பேர்தான் தன் ஆட்கள், மற்ற ஆறு பேர் அத்துமீறி நுழைந்தவர்கள் என்று கம்பெனி அறிக்கை விட்டது. செத்தவனுக்கு அதற்கு மேல் ஒரு மரியாதையும் கிடையாது. ஐப்பசி மழைக்கு முன்னால் கப்பல் முடிந்தாக வேண்டும் என்று அந்த ஐந்து அட்டைகளையும் வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். இன்னாசியின் அட்டை என் தம்பிக்குக் கிடைத்தது.

எனக்கு உயிர் வந்தது. இனி அவனுக்கு என்று ஒரு முழுக் குப்பி உண்டு. யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை. இந்தச் சனியனிலிருந்து அவன் தப்பித்துவிட்டான் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

தொட்டியில் இறக்கிய பதினோராம் நாள் காலை என் போன் அடித்தது.

"சிஸ்டர், மருதாசலம் பேசறேங்க." பல் இல்லாததால் சொற்கள் வழுக்கி வந்தன. "பத்து நாளா நாக்கை நீட்டி நீட்டிக் கண்ணாடியில பார்த்துட்டு இருந்தேன். ஒண்ணும் வரல. நேத்து ரத்தம் எடுத்துச் சோதிச்சாங்க. பூட்டு முழுசா விழுந்திருக்குது. எப்படிங்க?"

"பாதித் தண்ணியில கரைச்சேன் டாக்டர்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும்போலவும் இருந்தது.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"உங்க தம்பி நேத்து இங்க வந்திருந்தாருங்க. உள்ள வரல. கதவுக் கண்ணாடி வழியாப் பார்த்தாரு. நான் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுட்டு இருந்தேன். என்னைப் பார்த்ததும் அவரு மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். நான் பிழைச்சதுல அவருக்கென்னங்க சந்தோசம்? அதை நினைச்சுட்டு ராத்திரி முழுக்கத் தூங்கலைங்க." மூச்சு வாங்கினார். "நான் செத்திருந்தா, பாதி போட்டா சாவுதான்னு உங்க ஊருக்கே தெரிஞ்சிருக்கும். ஒருத்தனும் இனிமே பாதி போட்டுட்டு இறங்கமாட்டான். நீங்க என்னைப் பிழைக்க வெச்சுட்டீங்க. இப்ப அவங்க என்ன நினைப்பாங்க?"

போனை வைக்கக்கூட இல்லை. ஓடினேன். யார்டுக்கு முக்கால் மைல். செருப்பில்லாமல் சுடு மணலில் ஓடினேன்.

ஆஸ்பத்திரி அறை வாசலில் எண்பது பேர் வரிசையில் நின்றார்கள். இரண்டு இரண்டு பேராக, சட்டைக் கையை மடித்துவிட்டபடி நின்றார்கள். சூப்பர்வைசர் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். வரிசையில் முதல் ஆள் தொபியாஸ். அவனுக்குப் பக்கத்தில் பிலோமியின் தம்பி லாசர்.

"வந்துட்டியா அக்கா, உனக்குத்தான் காத்திருக்கோம்," என்றான் தொபியாஸ். இத்தனை நாளில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "டாக்டர் சொகமா இருக்காரு. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். பாதியே போதும். அன்னைக்கு வேற என்னமோ ஆயிருக்கு. இன்னாசி ஆளுவ உடுப்புல ஓட்டை இருந்திருக்கும்."

"முழு மருந்துலே அது," என்றேன். மூச்சு இரைத்தது. "அவருக்கு நான் முழுசும் போட்டேன். ஒரு மில்லித் தண்ணியில கரைச்சு உங்க கண்ணைக் கட்டிட்டேன். பாதி போட்டா செத்துருவிய. டாக்டர் எங்கிட்ட அதைத்தான் சொன்னாரு. பாதி போதும்னு அவரு சொல்லவே இல்ல. நான் சொன்ன பொய்லே அது. பதினோரு பேரைக் கொன்னது நான்."

சொல்லியே விட்டேன். கடப்பாரை வரட்டும், கல் வரட்டும் என்று நின்றேன். ஒன்றும் வரவில்லை.

"அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னாருன்னா," என்றாள் பிலோமி. "இன்னைக்குச் சொல்லலைங்கா. கம்பெனிக்காரன் என்ன குடுத்தான் உனக்கு?"

"அப்படிப் பேசாதிய," என்றான் தொபியாஸ் அவளிடம். என் தோளில் கை போட்டான். வரிசையைப் பார்த்துச் சொன்னான். "எனக்குப் பயந்துதான் எங்கக்கா இப்படிச் சொல்லுதா. தம்பி தொட்டிக்குள்ள எறங்கப் போறான்லா. அதைத் தடுக்கணும்னா கொலைப்பழியக்கூடத் தன் தலையில போட்டுக்குவா. அப்படி வளத்தவ அவ."

வரிசையில் நாலைந்து பேர் பரிவோடு தலையாட்டினார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெட்டியை இரண்டு கையாலும் வாரித் தரையில் அடித்தேன். ஏழெட்டுக் குப்பிகள் தெறித்தன. உடைந்த கண்ணாடி மேலேயே ஏறி மிதித்தேன், பாதம் கிழிந்து ரத்தமாகியது. பிலோமி என் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். யாரோ அடிவயிற்றில் குத்தினார்கள். விழுந்த இடத்தில் இன்னொருவன் விலாவில் உதைத்தான். "எங்க பிள்ளைகளப் பட்டினி போடப் பாக்கியாட்டி," என்று கேட்டுக் கேட்டு உதைத்தான். தொபியாஸ் அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டான். என்னைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தான்.

"உனக்குன்னு ஒரு குப்பி இருக்குலே," என்றேன். வாயெல்லாம் ரத்தம். "அட்டை உம் பேருல இருக்கு. நான் சொல்லுத எதையும் நம்பாண்டாம். நீ மட்டும் முழுசையும் போட்டுக்கோ. உங் கால்ல விழுதேன்."

அவனுக்கு அது அதிசயமாக இருந்தது. இப்படி ஒரு அற்பத்தனத்தை என்னிடமிருந்து அவன் எதிர்பார்க்கவில்லை.

"இன்னாசி எனக்குத் தந்தான்லா அக்கா," என்றான். "அவன் மச்சான் இன்னைக்குச் சும்மா நிக்கான். நான் முழுசையும் போட்டுக்கிட்டு உள்ள போவனா?"

உடையாத குப்பி ஒன்றை எடுத்தான். நான் எத்தனையோ மாதம் கரைப்பதைப் பார்த்துப் பழகியவன். தண்ணீர் இரண்டு மில்லி சரியாக விட்டான். ஆட்டிக் கரைத்தான். சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக் கோட்டைப் பார்த்தான். முதலில் லாசருக்குப் போட்டான். பிறகு தனக்குப் போட்டுக்கொண்டான். என் தம்பி நேர்மையானவன். ஒரு சொட்டு கூடக் கூடாமல் குறையாமல், சரிபாதியாகப் பிரித்தான்.